மச்சானுக்கு ஒரு சேவல்

மார்ச் 3
மசாக்கா சாலையில் லாரி ஹாரன் கேட்டால் இன்றும் கையில் இருப்பது நழுவிவிடுகிறது. இன்று வாழைக்காய்ச் சட்டி. அண்ணன் லுபேகாவை அடித்துப் போட்ட லாரியை ஓட்டியவனையே கட்டிக்கொள்ளப் போகிறேன். பைத்தியம்தானே எனக்கு?

மார்ச் 9
அன்று சபையாரோடு சிறைக்குப் போனதே அந்த லாரியை ஓட்டிய செமண்டாவைச் சபிக்கத்தான். அவன் தலை தூக்காமல் சொன்னான்: "குடிச்சிருந்தேன். சாக்கு சொல்ல மாட்டேன். உங்க அண்ணன் பேரச் சொல்லித்தான் தெனம் ஜெபிக்கிறேன்." சபிக்க வாய் வரவில்லை. மறுபடி போனேன், மறுபடியும். இப்போது வெளியே வந்துவிட்டான். நேசிக்கிறேன் — எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 15
பெண் கேட்டு வரும் நாளில் மாப்பிள்ளை தரும் சேவலைப் பெண்ணின் சகோதரன் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் கல்யாணம் இல்லை. மூத்தவன் மண்ணுக்குள். மிச்சம் தம்பி முட்யாபாதான். அத்தை அவனிடம் பேசிப் பார்த்தார்.
"அண்ணன் ரத்தத்துக்கு ஒரு சேவலா அத்தே? நல்ல வியாபாரம்!"
"ஞாயித்துக்கெழம மன்னிப்பு மன்னிப்புன்னு தொண்ட கிழியப் பாடுறவன் நீதானேடா?"
"பாட்டு வேற அத்தே."
நானும் அதே பாட்டைப் பாடுகிறவள்தான்.

மார்ச் 22
கனவில் அண்ணன், வாசலில். "நபோசா, உள்ள யாரு?" கதவை அடைத்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 28
செமண்டா சொல்கிறான்: "அவன் வாங்கலைன்னா நான் திரும்பிப் போயிடுறேன். கெஞ்சாதே. கேக்குற உரிம எனக்கில்ல." என்னை விட்டுப் போக உனக்கு அவ்வளவு லேசா? ஆத்திரத்தில் அழுதேன்.

ஏப்ரல் 5
பெண் கேட்கும் பந்தலில் செமண்டா முழங்காலிட்டுச் சேவலை நீட்டினான். முட்யாபா நின்றான், நின்றான். பிறகு வாங்கினான். "அக்கா அழக் கூடாதுன்னு வாங்குறேன். மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதே."
"சரி மச்சான்."
முட்யாபா சாப்பிடாமல் போய்விட்டான்.

மே 18
கல்யாணம் முடிந்தது. தூக்கத்தில் அவன் கை என்மேல் விழுந்தது. இந்தக் கைதான் அன்று ஸ்டியரிங்கில் இருந்தது. தள்ளிவிட்டேன். பிறகு நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2
முட்யாபா முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தான் — கையில் இரண்டு வெட்டுக்கத்திகள். செமண்டா ஓடவில்லை, எழுந்து நின்றான்.
"அண்ணன் கல்லறையில புதர் மண்டிக் கெடக்கு. ஒருத்தனால முடியல. வர்றியா?"
போனார்கள். நான் வாசலைவிட்டு நகரவில்லை. பொழுது சாயத் திரும்பினார்கள், இருவர் கண்ணும் சிவந்திருந்தது. கை கழுவத் தம்பிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். கையை இழுத்துக்கொண்டான்.
"மச்சானுக்கு மொதல்ல ஊத்துக்கா. கையெல்லாம் முள்ளு."