பூச்சுவருக்குப் பின்னால்

17 ஏப்ரல், வியாழக்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்பி மேலே தொடர்கிறேன். கடந்த 13-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். உன் பெயரில் இருக்கும் நம் பழைய வீட்டை, இப்போது குடியிருக்கும் பல் டாக்டருக்கே இன்னும் மூன்றாண்டுக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவிடலாமா, அல்லது அப்பாவுக்கு அங்கே திரும்பிப் போகும் எண்ணம் உண்டா என்பது உன் கேள்வி. "உங்க இஷ்டம்மா, எனக்கென்ன" என்றேன். அது என் பதில் அன்று. நீ கூப்பிட்டால் உன் அண்ணன் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறான். இரண்டு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு வேறு சொல் வருவதில்லை. முந்தின நாள் இங்கே நடந்த விருந்தின் படங்களில் அப்பாவை மட்டும் காணோமே என்று நீ கேட்டதற்கும், "மாமா அன்னிக்கு அசந்து தூங்கிட்டாங்க" என்று உன் அண்ணி சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மை. நான் தூங்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பிறகு வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வசந்த விடுமுறையை ஒட்டி 12-ஆம் தேதி, சனிக்கிழமை, உன் அண்ணன் தன் அலுவலகத்தாரை மதிய விருந்துக்கு அழைத்திருந்தான். புதிதாக வந்திருக்கும் மேலாளரும் வருகிறார் என்பதால் உன் அண்ணி வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டாள். ஜன்னல்களுக்கு இளம்பச்சைத் திரை, விளக்குகளுக்கு மஞ்சள் காகிதக் கூடு, கூரையிலிருந்து நூல் நூலாகக் காகிதப் பட்டாம்பூச்சி. அவற்றில் ஒன்று நான் நடக்கும்போதெல்லாம் என் வழுக்கையில் வந்து உரசியது; சற்று உயர்த்திக் கட்டலாமே என்றதற்கு, "அதுக்கு உங்களைத்தான் புடிச்சிருக்கு மாமா, விடுங்க" என்று சிரித்தாள். நல்ல பெண், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஹாலின் கோடியில், என் அறைக்குத் திரும்பும் வழியில், விருந்தினர் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு பூச்சுவர் வைத்தார்கள். மரச்சட்டம் முழுக்கத் துணிப் பூக்கள். நான் வந்துபோக இடப்புறம் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டுத்தான் அலங்காரக்காரர் அதை நிறுத்தினார். கோளாறு அவருடையதன்று, என்னுடையது. சுவர் இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. கூரை விளக்குக்கு நடுவிலும் இல்லை. "இத யாரு சார் பாக்கப் போறா" என்றார். நான் பார்க்கிறேனே என்றேன். ஆயுள் முழுவதும் கட்டட வரைபடம் போட்ட கண், சும்மா இருக்குமா? முன்பக்கம் பூக்கள் இடித்ததால் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்று, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், இன்னும், போதும், முடுக்குங்கள் என்று நானே உத்தரவிட்டேன். அவரும் சுவர்க் கொக்கிகளில் சேர்த்து முடுக்கிவிட்டார். நடுவுக்கு நகர்ந்ததில் அந்த இடைவெளி இரு பக்கமும் பாதிப் பாதியாகி, ஆள் நுழைய வழியில்லாமல் போனது. அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டதென்று பறந்துகொண்டிருந்தவர், "சார், நீங்க அந்தப் பக்கமா வந்துருவீங்கல்ல" என்று கேட்டார். என் அறையிலிருந்து ஹாலுக்குப் போகும் பால்கனி வழியை நினைத்து, வந்துவிடுவேன், நீங்கள் புறப்படுங்கள் என்றேன். பால்கனிக்குப் போய்ப் பார்த்தால், ஹாலில் இடம் வேண்டுமென்று சோபாவையும் செருப்பு அலமாரியையும் அங்கேதான் கொண்டுவந்து ஹால் கதவை அடைத்து அடுக்கியிருந்தார்கள். திரும்பி வந்து குரல் கொடுப்பதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

பூக்களின் இடுக்கில் வெளிச்சமும் சட்டைகளின் நிறமும் தெரிந்தன. அப்பா எங்கே என்று யாரோ விசாரித்தார்கள். "பக்கத்து ஃபிளாட் கணக்கு வாத்தியார்கிட்ட பேசப் போயிருப்பாங்க, உக்காந்தா எழுந்திருக்க மாட்டாங்க" என்று உன் அண்ணி சொன்னாள். வழக்கமாக நான் அப்படிப் போகிறவன்தான், அவள் மேல் பிழையில்லை. மெல்ல யாரையாவது கூப்பிடுவோம் என்று நான் வாயைத் திறந்த வேளையில் மேலாளர் படத்துக்காகப் பூச்சுவரில் சாய்ந்தார். "பின்னாடி ஏதோ கதவு இருக்கும் போலயே" என்றார். "அது ஸ்டோர் ரூம் சார், பழைய சாமானெல்லாம் போட்டு வெச்சிருக்கோம்" என்றான் உன் அண்ணன். "எல்லார் வீட்லயும் ஒண்ணு இருக்குப்பா, எங்க வீட்ல அதுல காலே வெக்க முடியாது" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தச் சுவரைத் தட்டிக்கொண்டு புதுச் சட்டை போட்ட ஒரு கிழவன் வெளியே வந்தால் அந்த மனிதர் முன்னால் என் பிள்ளையின் முகம் என்ன ஆகும், நீயே சொல். கட்டிலில் உட்கார்ந்தேன், வசதியாகத்தான் இருந்தது, மின்விசிறிகூட ஓடியது, ஆனால் இருமல் வந்தபோது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினேன். எல்லோரும் போன பிறகு வாத்தியார் வீட்டில் தேடிவிட்டுத்தான் இங்கே வந்தார்கள். உன் அண்ணி அழுதே விட்டாள். "ஒரு கொரல் குடுக்கக் கூடாதாப்பா, உசுரே போயிடுச்சு" என்று உன் அண்ணன் கத்தினான். தூங்கிவிட்டேன் என்றேன்.

நீ அவன் மேல் கோபப்படக் கூடாது. நான் வரும்வரை அந்த அறையில் பழைய சாமான்தான் கிடந்தது. வாய்க்குப் பழகிய சொல், வந்துவிட்டது. ஆனால் காதில் விழுந்த பிறகு அந்த அறையில் படுத்தால் தூக்கம் வருவது சிரமமாக இருக்கிறது. பூச்சுவரை இன்னும் எடுக்கவில்லை. அலங்காரக்காரர் தினமும் நாளைக்கு என்கிறார். அண்ணியின் சிநேகிதிகளும் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கத்துத் திருகைத் தளர்த்திவிட்டிருக்கிறார்கள், நான் நண்டு போலப் பக்கவாட்டில் போய் வருகிறேன். "எங்க போகணும்னாலும் ஒரு வார்த்த சொல்லுங்க மாமா, நான் வந்து புடிச்சுக்கறேன்" என்கிறாள் உன் அண்ணி. பாசத்தோடுதான் சொல்கிறாள், வந்தும் பிடிக்கிறாள். ஆனால் தண்ணீர் குடிக்கப் போவதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. பூச்சுவர் வருவதற்கு முன்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை.

ஆகவே என் பதில்: ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம். ஜூன் 30-ஆம் தேதியோடு அது முடிகிறது. ஜூலை 1, செவ்வாய்க்கிழமை, நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். கடந்த நவம்பர் 3-ஆம் தேதி குளியலறையில் விழுந்ததைச் சொல்லி நீங்கள் இருவரும் பயப்படுவீர்கள். கைப்பிடிகள் எங்கெங்கே வேண்டும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறேன். சமையலுக்கும் துணைக்கும் ஓர் அம்மாள் பகலில் வந்து போக ஒப்புக்கொண்டிருக்கிறார். டாக்டர் தங்கமான மனிதர், அவரிடம் பக்குவமாகச் சொல், வேறு இடம் பார்க்க அவகாசம் வேண்டும் அல்லவா. ஒப்பந்தப்படி இரண்டு மாதம் முன்பே, ஏப்ரல் 30-க்குள், அவருக்கு நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். இந்தக் கடிதம் மிஞ்சிப்போனால் 26-ஆம் தேதி, சனிக்கிழமை, உன் கையில் இருக்கும்.

அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளை இரவு வேலையிலிருந்து வந்ததும் வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் படுப்பதாகச் சொன்னாய், ஏதாவது சாப்பிட வைத்துத் தூங்கவிடு. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நெடுநாள் ஒற்றுமையாக வாழ அப்பாவின் ஆசிகள்.

மறவாமல் ஒன்று. நோட்டீஸை முதலில் அனுப்பு, அனுப்பிய பிறகு அண்ணனிடம் சொல். முன்பே சொன்னால் அவன் ஸ்பீக்கரைப் போட்டு, "ஏம்பா, இங்க உங்களுக்கு என்ன கொறை" என்று கேட்பான்; ஒரு குறையும் இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்று நான் சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னேனானால் நீ நம்பக் கூடாது.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா