உழவு இறங்கும் முன்

வடகடல் எண்ணெய் மேடை
அக்டோபர் 9

அன்பு ஹிலரி,

உன் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

நேற்று சமையல்காரன் டகி கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டான். "யோவ் புதையலு, முப்பது வருஷமா உலோகம் தேடுற மெஷினத் தூக்கிட்டு வயல் வயலா அலையுறியே, வந்து கண்டுபிடிச்சுக் குடேன்யா!" என்றான். "நிக்கிற தரையே இரும்பு. இங்க வச்சா அது வாயே மூடாதுய்யா" என்றேன். மோதிரம் ரொட்டி மாவில் கிடைத்தது.

எனக்கு மாற்றாக வரவேண்டியவன் காலை உடைத்துக்கொண்டான். இன்னும் இரண்டு வாரம் இந்த இரும்புக் கூண்டுதான். நம்மூர் ஹேரியின் வயலில் பதினைந்தாம் தேதி ஆழ உழவு இறங்குகிறது. விடுமுறையின் கடைசி மாலை அங்கே பழைய வெள்ளிக் காசு ஒன்று எடுத்தேன். அதற்கடியில் மெஷின் இன்னும் பலமாகக் கத்தியது. இருட்டிவிட்டதால் குழியை மூடிவிட்டேன், உன்னிடம்கூடச் சொல்லவில்லை. கலப்பை பட்டால் எல்லாம் சிதறிவிடும்.

ஊரில் என் மெஷினைக் கையாளத் தெரிந்தவன் உன் அண்ணன் ட்ரெவர் ஒருவன்தான். நான் எடுத்த வெண்கல ஊசியை அருங்காட்சியகத்தில் தன் பெயரில் கொடுத்தவன். பதினோரு வருடமாக அவனோடு எனக்குப் பேச்சில்லை.

அவனைக் கூப்பிடு. வடக்கு வேலியில் மூன்றாவது ஓக் மரத்திலிருந்து பன்னிரண்டு தப்படி. கையால் மண்ணை எடுக்கச் சொல். பெயரை அவனே போட்டுக்கொள்ளட்டும்.

போனில் சொன்னால் வரிசையில் நிற்பவர்கள் கேட்பார்கள். கடிதம் கொண்டுபோகும் படகு கிளம்புகிறது. கம்பளிக் காலுறை அனுப்பு, கூடவே நாலு வரி எழுது. நான் கெஞ்சினேன் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.

உன்
ஜெஃப்ரி