கழுவிக் காயவைத்த குப்பை

அன்பு மகளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். இங்கே நானும் அப்பாவும் இவளும் நல்ல சுகம். உன் சுகத்தை நீயே எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே, என் கட்டைவிரலில் சின்னக் கட்டு, அவ்வளவுதான். காலி மீன் டின்னைக் கழுவும்போது மூடி கிழித்துவிட்டது. குப்பைக்குப் போகிற டின்னை ஏன் கழுவினாய் என்று நீ கேட்பாய். எல்லாம் உன் ஆராய்ச்சி செய்த வேலைதான். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் எழுதச் சொன்னேன்.

கடைகளில் விளம்பரமும் தள்ளுபடியும் மாற மாற, வீடுகளில் வாங்குகிற பொருளும் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும், வாயால் சொல்வதை நம்ப முடியாது, அதனால் காலி உறைகளையும் டப்பாக்களையும் பையில் சேர்த்து வையுங்கள் என்று நீ சொன்னாய் அல்லவா? நம் மாடிக் குடியிருப்பில் எல்லோரும் ஆவலாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். வாரா வாரம் பைகளை எடுத்துப்போக நீ அனுப்பிய உன் தோழிக்கு இங்கே குப்பை மேடம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள், பாவம் அவளும் சிரித்துக்கொள்கிறாள். ஆனால் படித்த பெண் ஒருத்தி நம் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் பார்ப்பாள் என்றால் அப்படியே கொடுக்க எனக்கு மனம் வரவில்லையடி. பால் உறை, பிஸ்கட் உறை எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அலசி, துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, இஸ்திரியும் போட்டுக் குடுத்துடேன் என்றார். இந்த மனிதரோடு எப்படித்தான் இத்தனை வருடம் குடித்தனம் செய்தேனோ.

நான் கழுவியதோடு நின்றேன், மற்றவர்கள் அதையும் தாண்டிவிட்டார்கள். எதிர்வீட்டு பேங்க்காரர் தன் மாப்பிள்ளை வீட்டிலிருந்து விலை உயர்ந்த காபி டின்னைக் காலியாகவே கேட்டு வாங்கி வந்து பையில் போட்டிருக்கிறார். மேல்மாடித் தையல்காரி தன் வீட்டு நூடுல்ஸ் உறைகளை எல்லாம் வாசலில் வைத்திருந்த நம் பையில் திணித்திருக்கிறாள். போன வாரம் குப்பை மேடம் வந்து, ஆன்ட்டி, உங்க வீட்ல நூடுல்ஸ் நல்லா ஓடுது போல என்றாள். எனக்கு முகம் செத்துவிட்டது. நான் சமைப்பதில்லை என்று நினைத்துக்கொண்டாள் பார்.

அது நம் வீட்டுது இல்லை, மேல்மாடியிலிருந்து வந்திருக்கும் என்றேன், அவள் மேலே போய் விசாரித்தாள். தையல்காரி, எங்க வீட்ல அதெல்லாம் தொடுறதே இல்ல, வேணும்னா அடுப்பங்கரைய வந்து பாரு என்று கதவை அடித்துச் சாத்திவிட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் உன் தங்கை ரவிக்கை வாங்கப் போனபோது அதே தையல்காரி, மெஷின விட்டு எந்திரிக்கவே நேரமில்லடி கண்ணு, புள்ளைங்களுக்கு அதத்தான் போட்டுத் தரேன், கடையில ரெண்டு வாங்கினா ஒண்ணு சும்மா குடுக்கிறான், அத சொன்னா கேவலமா நினைக்க மாட்டாங்களா என்று இவளிடம் கொட்டியிருக்கிறாள். பேங்க்காரரும் அப்படித்தான். வீட்டுக்கு யாராவது வந்தா மட்டும் நல்ல காபிம்மா, எனக்கு எந்தத் தூள் மலிவோ அதுதான் என்று படிக்கட்டில் வைத்து இவளிடம் சொன்னாராம். இவள் பதிலே பேசுவதில்லை, கேட்டது வெளியே போவதுமில்லை, அதனால் சொல்கிறார்கள் போலிருக்கிறது. இப்போதும் அவர்கள் இருவரிடமும் சொல்லலாமா என்று கேட்டு வந்த பிறகுதான் எனக்கும் உன் தோழிக்கும் சொன்னாள், இதை எழுதவும் பேனாவை எடுத்தாள்.

இது தெரிந்ததும் உன் தோழி இவளைக் கேட்கிறாள். அடுத்த மாதம் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்பில் இதே வேலை தொடங்குகிறதாம், வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசிக் கேட்க இவள் கூட வர வேண்டுமாம். அப்பா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். ஒன்பதாவதோட பள்ளிக்கூடத்த விட்டவ, வகுப்புல எழுந்து பதில் சொல்லணுமேன்னு பயந்து நின்னவ, தெரியாத வீட்டுக் கதவத் தட்டி என்ன கேப்பா என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லை. நான் மளிகைக் கடைக்கு அனுப்பினால்கூட, கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றுவிட்டு வருகிறவள். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், எழுதடி என்று அதட்டினேன். எனக்கோ, இவள் போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. போறியா என்று கேட்டால் உம் என்கிறாள், போகலையா என்றாலும் அதே உம். நீதான் அவளுக்கு நாலு வார்த்தை எழுத வேண்டும்.

படிக்கப் போன ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள். உன் ஆராய்ச்சி பாழாகிவிட்டதோ என்று கவலைப்படாதே, நாங்கள் ஏன் இப்படிச் செய்தோம் என்று யோசித்துப் பார், எனக்கும் அது விளங்கவில்லை. தொட்டதெல்லாம் துலங்கி, நல்ல பெயரோடு சீக்கிரம் வீடு வந்து சேர். வாடகை வீட்டு விலாசம் மாறினால் உடனே தெரிவி.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும்
அம்மா

அக்கா, இது நான். அம்மா உள்ளே போய்விட்டாள். நான் வருகிறேன் என்று உன் தோழியிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பாவிடம் நீ பேசு. கேள்வி கேட்டுப் பழகிக்கொள்ள முதலில் உன்னிடம் கேட்கிறேன்: அங்கே ராத்திரியில் நிஜமாகவே என்ன சாப்பிடுகிறாய்? அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.