வயிறு சொல்லட்டும்

ராயபுரம்
14.6.2025

என் ஜெனிக்குட்டிக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வராது. தபாலில் வருவதை உங்கள் மடத்து மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று நீதானே சொன்னாய். நாளை உன்னைப் பார்க்க வரும்போது ஒரு நாப்கின் பாக்கெட் தருவேன். இதுவும் ஒரு டப்பாவும் அதற்குள் இருக்கும். நான் கொண்டுவரும் ஊறுகாயும் நெத்திலிக் கருவாடும் பொது மேசைக்குப் போய்விடும். மருந்து என்று சொன்னால் மருந்தறை சிஸ்டர் வாங்கி வைத்துக்கொள்வார். நாப்கினை யாரும் பிரிக்கமாட்டார்கள். பி.காம். படித்த என் மூளை இதற்காவது உதவட்டும்.

டப்பாவில் பூண்டு கேப்சூல் இருக்கிறது. பூண்டைக் காயவைத்துப் பொடியாக்கி அடைத்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

போன மாதம் உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து ஓடினாய். கை சுள்ளி மாதிரி இருக்கிறது, வயிறு மட்டும் மத்தளமாக. ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை, இது ஐ.பி.எஸ்., குடல் கோபித்துக்கொள்கிற நோய் என்று அங்கே டாக்டர் சொன்னாராம். அப்பாவிடம் சொன்னேன். "ஐ.பி.எஸ்.ஸா? அது போலீஸ் உத்தியோகம் இல்ல?" என்றார். சிரிக்கக்கூட முடியவில்லை. கேட் அருகில் மதர் என் கையைப் பிடித்துச் சொன்னது காதிலேயே நிற்கிறது: "வார்த்தைப்பாட்டுக்குள்ள உடம்பு தேறலைன்னா வீட்டுக்குத்தாம்மா அனுப்பணும்."

நீ கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கிற செப்டம்பர் எட்டாம் தேதிக்குள் தேறியாக வேண்டும். நீ இவ்வளவு ஆசைப்பட்டுப் போன இடம். ஒரு வயிற்றுவலியா அதைப் பிடுங்குவது?

பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே போனில் தேடித் தேடிப் படித்தேன். பூண்டு குடலில் கெட்ட கிருமியைக் கொல்லுமாம், வாயுவைக் கலைக்குமாம். இதை போன் வேறு சொல்ல வேண்டுமா? பிள்ளை பெற்றவள் என்று எனக்கு ஊரே பூண்டைத்தானே ஊட்டியது. ஒவைஸ் பாய் மெடிக்கலில் கேட்டேன். "வாங்கினு போனவங்க யாரும் திரும்பி வந்து சண்ட போடல" என்றார்.

தபாலில் இதைப் பற்றி எழுதாதே. 'நீ தந்ததை மறக்கவில்லை' என்று எழுது, புரிந்துகொள்வேன். படித்ததும் கிழித்துப்போடு.

உன் அக்கா
மெர்லின்


6.7.2025

இயேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பா, ஜெரி மாமா, பாப்பா நலமறிய ஆவல். பாப்பாவுக்குப் பல் முளைத்ததா? என்னைப் பார்த்து அழுதாளே, அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு.

இங்கே மலையில் நல்ல மழை. தோட்டத்தில் பீன்ஸ் பறிக்கிறோம். போன வாரம் எட்டு நாள் மௌனத் தியானம் முடிந்தது. வீட்டில் வாய் மூடாத நான் எட்டு நாள் பேசாமல் இருந்தேன் என்றால் நம்புவாயா? பேசாமல் இருக்கும்போது உள்ளே என்னென்னவோ கேட்கிறது, அக்கா.

வயிறு அப்படியேதான் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் தேவலை போல இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. நீ தந்ததை மறக்கவில்லை.

தெருமுனையில் அந்த பேனர் இன்னும் இருக்கிறதா?

அன்புத் தங்கை
ஜெனி


ராயபுரம்
18.7.2025

அன்பு ஜெனிக்கு,

பேனரைக் கேட்டாயே, இருக்கிறது! போன வாரக் காற்றில் ஒரு மூலை கிழிந்து தொங்கியது. அப்பா ஏணி போட்டு ஏறி, படகுக்காரர்களிடம் நைலான் கயிறு வாங்கிக் கட்டிவிட்டு இறங்கினார். 'எங்கள் தெருவின் முதல் அருட்சகோதரி' என்று உன் படம் அவ்வளவு பெரிதாக, கீழே வாழ்த்துவோர் வரிசை. வெயிலில் எல்லார் முகமும் வெளுத்துவிட்டது, நீ மட்டும் பளிச்சென்று இருக்கிறாய். துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் யாரைப் பார்த்தாலும் அப்பா கதையை ஆரம்பித்துவிடுகிறார். வார்த்தைப்பாட்டுக்கு வேன் பேசியாகிவிட்டது.

காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் கோவிந்தம்மா தினமும் வாசலில் நின்று, "இன்னாம்மா மெர்லினு, நம்ம ஜெனி பாப்பா சிஸ்டரம்மா ஆவறதுக்கு என்னியும் இட்டுகினு போவியா? புச்சு பொடவ எட்த்து வெச்சுகினு கீறேன்" என்கிறாள். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்து உன் வயிற்றை நினைத்துக்கொள்கிறேன்.

தேவலை ஆகி மறுபடி ஏன் வந்தது? எனக்குப் பயமாக இருக்கிறது. நான் தந்தது போதவில்லையோ என்னவோ. கொஞ்சம் கூட்டிக்கொள். மதியத்துக்கும் சேர்த்துக்கொள். விடாதே. நாள் இல்லை, ஜெனி.

பாப்பாவுக்கு இரண்டு பல். என் தோளைக் கடித்து வைத்திருக்கிறாள்.

அக்கா
மெர்லின்


2.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதற்றப்படாதே. நேற்று ஆயர் வந்திருந்தார். பூசையில் வாசகம் நான் வாசிக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு ஓடினேன். தாழ்வாரத்திலேயே விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது மதர் மடியில் இருந்தேன். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்துக்கு நேரே குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டாம் தேதி என்னைக் கீழே திண்டுக்கல்லுக்கு அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகிறார்களாம். குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். அதன் பிறகு முடிவு செய்யலாம் என்றார்கள்.

அப்பாவிடம் சொல்லாதே. நீ தந்ததைக் கூட்டிக்கொண்டேன்.

ஜெனி


ராயபுரம்
8.8.2025

மதர் அவர்களுக்கு வணக்கம்.

இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒளித்துச் சொல்ல வழி தேடினேன், கிடைக்கவில்லை. இனி தேடவும் நேரமில்லை.

ஜெனி, அந்தப் பூண்டு கேப்சூலை நிறுத்து. இந்த வரியைப் படிக்கிற நிமிடமே நிறுத்து.

இன்று பாப்பாவுக்குத் தடுப்பூசி. எனக்குத்தான் யாரைப் பார்த்தாலும் உன் வயிற்றைப் பற்றிக் கேட்கிற வியாதி ஆயிற்றே. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஐ.பி.எஸ்.ஸா? சாப்பாட்டுல என்ன குடுக்கறாங்க?" என்றார். நான் பெருமையாக, "சாப்பாடு மட்டுமில்ல மேடம், நான் பூண்டு கேப்சூலும் குடுத்திருக்கேன்" என்றேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"யார் சொன்னது உங்களுக்கு? பூண்டு, வெங்காயம் ரெண்டுமே இந்த மாதிரி வயித்துக்குப் பல பேருக்கு ஆகாது. குடல்ல செரிக்காம நின்னு புளிக்கும். உப்பும், வலிக்கும், ஓட வைக்கும். அதைப் போய்ப் பொடியாக்கி தினமும் விழுங்கச் சொல்லியிருக்கீங்க."

"இயற்கைப் பொருள்தானே மேடம்?"

"பச்ச மொளகாயும்தான் இயற்கை. கண்ணுல வெச்சுப்பீங்களா?"

பாப்பா வீரிட்டு அழுதாள். அவள் அழுகிறாளா நான் அழுகிறேனா என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

மதர், அவள் எதையும் கேட்கவில்லை. நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்தது நான். போதவில்லை என்று கூட்டச் சொன்னதும் நான்தான். அவளை ஆயர் முன்னால் ஓட வைத்தது என் பூண்டு. மறைத்ததற்காக அவளை வெளியே அனுப்பிவிடாதீர்கள். தண்டனை எனக்குக் கொடுங்கள். அந்தக் குழாய் பார்க்கும் டாக்டரிடமும் கேப்சூலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

ஜெனி, என்னை மன்னித்துவிடு. உனக்கு நல்லது செய்கிறேன் என்று உன் கனவுக்கே உலை வைத்துவிட்டேனே.

மெர்லின்


திண்டுக்கல்
14.8.2025

அக்கா,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். வார்டில் வேலை செய்யும் மலர் அக்கா தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் தடவையாக யாரும் படிக்காத கடிதம் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மதர் பிரித்தபடியே என் கையில் கொடுத்தார்கள். "படி" என்றார்கள். கேப்சூலைப் பற்றி டாக்டரிடமும் சொல்லிவிட்டார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் குடலில் ஒரு புண்ணும் இல்லை.

நீ அழாதே. உலை வைத்தது நீ இல்லை. எனக்கு முன்பே தெரியும், அக்கா.

மௌனத் தியானத்தில் டப்பாவை எடுக்க வசதிப்படவில்லை. எட்டு நாளும் விழுங்கவில்லை. சாப்பாடும் வெறும் கஞ்சிதான். நாலு நாள் போவதற்குள் வயிறு அடங்கிவிட்டது. வலி இல்லை, உப்புசம் இல்லை. எழுந்து ஓடாமல் ஒரு பூசை முழுக்க நின்றேன். சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? எனக்குப் பயம் வந்தது. வலி போன இடத்தில் ஒன்று தெளிவாகக் கேட்டது. இது என் இடமில்லை.

இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டம். யாராவது திட்டியிருந்தால், அடித்திருந்தால், அதைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆசையாகத்தான் வந்தேன். அந்த ஆசை எப்போது போனதென்று தெரியவில்லை. போய்விட்டது. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஏணி போட்டு ஏறிக் கயிறு கட்டியவரிடம்? கோவிந்தம்மா புடவையிடம்? 'ஓடி வந்துட்டா' என்று தெரு பேசும். உடம்பு சரியில்லாமல் அனுப்பிவிட்டார்கள் என்றால் ஐயோ பாவம் என்றுதான் பேசும்.

தியானம் முடிந்த அன்றே மறுபடி விழுங்கினேன். தெரிந்தேதான். எனக்கு வாய் வரவில்லை, வயிறு சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. என்ன செய்யட்டும்? மலர் அக்கா விலாசத்துக்கு எழுது. இருபத்தைந்தாம் தேதி மறுபடி இங்கே வருவேன்.

ஜெனி


ராயபுரம்
19.8.2025

அடிப்பாவி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன்னை ஓங்கி அறையத்தான் தோன்றியது. நான் இங்கே கொலைகாரி மாதிரி சோறு இறங்காமல் கிடக்கிறேன், நீ தெரிந்தே விழுங்கினாயாம்! ஜெரி நைட் ஷிப்ட் முடித்து எண்ணூரிலிருந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தா?" என்றார்.

அப்புறம் வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் வந்தது. நீ வீட்டுக்கு வந்துவிடுவாயே என்று. அம்மா போன பிறகு இந்த வீட்டில் என்னோடு சண்டை போட ஆளில்லை. அதனாலேயே நான் சொல்வதைச் சந்தேகப்பட்டுத்தான் கேள். எனக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது.

மிச்சம் இருப்பதைக் கொட்டிவிடு. உடம்பு தேறட்டும். தேறிய பிறகும் அது உன் இடமில்லை என்றுதான் தோன்றினால், போய் மதரிடம் உன் வாயால் சொல். நோயோடு வந்தாயானால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லி, தேறினதும் திரும்பிப் போகச் சொல்வார்கள். அப்பாவே கொண்டுபோய் விடுவார். அப்போது என்ன செய்வாய், மறுபடி பூண்டு விழுங்குவாயா?

அப்பாவிடம் நான் சொல்லமாட்டேன். பயமாக இருக்கிறது. ஆனால் காரணம் அதுவல்ல. அது நீ சொல்ல வேண்டியது.

தெரு பேசட்டும். பேசிப் பேசி அதற்கே வாய் வலிக்கும்.

அக்கா


3.9.2025

அன்பு அக்கா,

வயிறு நன்றாக இருக்கிறது. இங்கே சமையலில் எனக்கு மட்டும் பூண்டு, வெங்காயம் இல்லாமல் எடுத்து வைக்கிறார்கள்.

நேற்று மதரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். கேப்சூலை நான் தெரிந்தே விழுங்கியதையும் சொன்னேன். அவர்கள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா, பூண்டை ஒளிச்சு வைக்க முடியுமா? ஜூன் மாசத்திலேருந்து கோயில்ல உன் பக்கத்துல நின்னு பாட்டுப் பாடறது யாரு? நீ வாயத் திறந்தாலே தெரியும். தியானத்தப்போ வாசனை நின்னுச்சு, நீயும் நல்லாயிட்டே. மறுநாள் வாசனையும் வந்துச்சு, வலியும் வந்துச்சு. எனக்குக் கணக்குத் தெரியாதா?"

"ஏன் மதர் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீ விழுந்த அன்னைக்கு நான் பண்ணது தப்புன்னு தெரிஞ்சுது. கேட்டிருக்கணும்." நான் இங்கே வந்ததிலிருந்து அன்றுதான் அவர்களை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனாலும் முடிவு மாறவில்லை.

எட்டாம் தேதி மற்றவர்களுக்கு மாலை கட்டிக் கொடுத்துவிட்டு, பத்தாம் தேதி ராத்திரி ரயில் ஏறுகிறேன். அப்பாவுக்குத் தனியாக, பூண்டுக் கதை உட்பட எல்லாவற்றையும் எழுதி இதே தபாலில் போடுகிறேன். பிரிக்காமல் அவர் கையில் கொடு.

உன்
ஜெனி


ராயபுரம்
10.9.2025

ஜெனி,

இந்நேரம் நீ ரயில் ஏறியிருப்பாய். இதை உன் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். அப்பாவைப் பற்றி நேரில் கேட்டால் நான் மழுப்பிவிடுவேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

உன் கடிதத்தைப் பிரிக்காமல்தான் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வேன்காரருக்கு போன் செய்து "வேணாம்பா" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு வீட்டில் யாரிடமும் பேசவில்லை. நான் சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தலை குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். பாப்பா மீசையைப் பிடித்து இழுத்தால்கூடச் சிரிக்கவில்லை. எட்டாம் தேதி பூசைக்குப் போய்விட்டு, பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தார்.

நேற்றுக் காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் பேனரைக் கழற்றினார். கோவிந்தம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னா சார், பேனர கயட்டிட்ட?" என்றாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மழ வருதுல்ல" என்றார்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பேனரை அவர் கிழித்துப்போடுவார் என்று நினைத்தேன். கொண்டுவந்து, பின்கட்டில் உன் அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விரித்து, அதே நைலான் கயிற்றால் கட்டினார். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். அந்த அறை போன வருஷத்திலிருந்தே ஒழுகுகிறது என்று உனக்குத் தெரியாது.

கோபம் இருக்கிறது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். நாளைக்கு ஸ்டேஷனுக்கு அவர் வரப்போவதில்லை. நானும் பாப்பாவும்தான் வருவோம். வாசலில் உன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீ அழக்கூடாது.

ஆனால் சாயந்திரம் நான் நாளைக் குழம்புக்கு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம், யோசிக்காமல் உரிக்கிறேன். தண்ணீர் குடிக்க வந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடிதம் வந்த நாளிலிருந்து என்னோடு பேசாதவர், முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"அத எடுத்து உள்ள வை. நாளைக்குக் கொழம்புல போடாத."

அக்கா