காலியாக விட்ட கால்வாசி டிஸ்க்

மார்ச் 3, 2025

புது சர்வர் வந்துவிட்டது. தகவல்: பார்சல் ஆபீஸ் ஒச்சாண்டி, காலையில் போனில்.

எங்கள் பத்திரிகையின் மெயில் முழுவதையும் அதற்கு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் நான் வேலையை விடலாம் என்று ஓனர் ஜோதிலட்சுமி சொல்லியிருக்கிறார். என் மனைவி முருகம்மாள் தீபாவளிக்கே ஓசூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். செய்தியாளனாகச் சேர்ந்த நான் தேனியில் ஒரு மெஷினுக்குக் காவல்.

மார்ச் 5

பழைய டிஸ்க் முழுக்க ஒரே பார்ட்டிஷன், தடுப்பில்லாத ஒரே அறை மாதிரி. மேகமலை நிருபர் வேல்பாண்டி சிக்னல் விட்டு விட்டு வருவதால் ஒரே படத்தை மூன்று தடவை மெயிலில் அனுப்புவார். "போச்சா போகலையான்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?" நியாயம்தான். டிஸ்க் நிரம்பினால் மெஷினே நின்றுவிடும். கடைசியாக நின்றது பேரன் காதுகுத்துக்கு முந்தின நாள். வத்தலக்குண்டில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பினேன்.

மார்ச் 6

சிஸ்டம், மெஷின் தன் நடப்பை எழுதிவைக்கும் லாக், மெயில் பெட்டிகள் – தனித்தனிப் பார்ட்டிஷன். கால்வாசி டிஸ்க் எதற்கும் ஒதுக்காமல் காலி. எது நிரம்பினாலும் அதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். புதிதாகச் சேர்ந்த ஷர்மினுக்கு அது தெரியும். நான் தேவையில்லை.

மார்ச் 7

"என்னண்ணே, கால்வாசியத் தரிசாப் போட்டிருக்கீக? எல்லாத்தையும் மெயிலுக்கே குடுங்க" என்றார் ஓனர்.

கொடுத்தால், நிரம்பும் அன்று சுருக்கிப் பிரிக்க மறுபடி நான்தான். சொன்னேன். காதில் ஏறவில்லை. இன்னும் எத்தனை வருசம்யா இப்படியே –

மார்ச் 10

ஷர்மின் பேசினாள். "உங்க ஓடைப்பட்டித் தோட்டத்துல திராட்சை வரிசைக்கு நடுவுல இடம் விட்டிருக்கீகல்ல மேடம்?"

"அது ஆளு நடக்க, மருந்தடிக்க."

"இதுவும் அதான்."

ஓனர் சிரித்துவிட்டார். "பேசியே கவுத்துட்டியேடி. சரி, விடுங்க."

மார்ச் 16

மெயில் மாறியது. ஒன்றும் தொலையவில்லை.

மார்ச் 17

ராஜினாமா கொடுத்தேன். ஓனர் வாங்கி மேசையில் வைத்தார். "டிஸ்க் நிரம்புறப்ப இந்தப் பிள்ளை சமாளிக்குதான்னு ஒருக்கா பாத்துட்டுக் கெளம்புங்கண்ணே."

என் கணக்கில் அது நிரம்ப இரண்டு வருடம். நானே போட்ட கணக்கு.

மார்ச் 18

முருகம்மாளிடம் போனில் சொன்னேன். "நீங்க வந்து கிழிச்சீக. நானே அங்கன வந்துர்றேன். அடுப்படியக் கழுவி வைங்க."

கழுவியாயிற்று. ராஜினாமா நிலுவையில், தேதி சொல்லப்படவில்லை. அவள் வரும் ஓசூர் பஸ் நாளை காலை ஆறரைக்கு.