இடது கைக்கு எட்டும் எழுத்துகள்

இன்று காலை, நான் நிரல் எழுதும் எடிட்டர் திறக்கவில்லை. அலுவலகத்தில் புதுக் கணினி கொடுத்திருக்கிறார்கள். பழையதில் இருந்த என் அமைப்புகளையெல்லாம் அப்படியே அள்ளி இதில் போட்டுவிட்டு, நிரல் எழுத உட்கார்ந்தால், வெள்ளைத் திரை உறைந்து நின்றது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "எல்லா பிளகினையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிங்க மேடம், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். இப்படிப்பட்ட அஞ்சு நிமிஷக்காரர்களைக் கண்டால் உனக்கு ஆகவே ஆகாது. நான் சிரித்துவிட்டு, எடிட்டரில் கூடுதலாகச் சேர்த்த பிளகின்களின் பட்டியல் இருக்கும் கோப்பைத் திறந்து, மேல் பாதியை அப்படியே அணைத்தேன். அணைத்த கையோடு உன் ஞாபகம் வந்துவிட்டது.

இந்தப் பாதிக் கணக்கு நீ கற்றுத் தந்தது. அப்போது நாகர்கோவிலில், ஒரு சிப்ஸ் கடைக்கு மேல் மாடியில் நம் அலுவலகம். கீழே தேங்காயெண்ணெயில் ஏத்த வாழைக்காய் விழும் மணம் ஏறி வந்தால், நாம் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சுவோம். நீ கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து பஸ் ஏறுவாய், நான் கொட்டாரத்தில் ஏறுவேன். பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். ஆனால் ஜன்னலோரத்தை மட்டும் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. "எங்களுக்குக் காத்து வேணும்ட்டி, நாங்க கடக்கரைக்காரங்க" என்பாய், ஏதோ கொட்டாரத்தில் நாங்கள் காற்றில்லாமல் பிழைப்பது போல.

பிளகின் விஷயத்தில் நான் பேராசைக்காரி. வண்ணம் மாற்றும் பிளகின், அடைப்புக்குறி மூடும் பிளகின், எதற்கென்றே தெரியாத பிளகின் என்று இணையத்தில் கண்டதையெல்லாம் இறக்கிச் சேர்த்துக்கொண்டே இருப்பேன். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் என்ன வேலைதான் செய்கிறேன் என்று என் அம்மா உன்னிடம் கேட்டாள். "எடிட்டருன்னா வெறும் அடுப்பு மாதிரி அம்மா. பிளகின்னா இவ வாங்கி வாங்கி அடுக்குற பாத்திரம். சமையல் இன்னும் ஆரம்பிக்கேல்ல" என்றாய். அம்மா அதற்குப் பிறகு பல மாதம், "சமையல் ஆரம்பிச்சியா?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினாள்.

அப்படி அடுக்கியதில் எடிட்டர் அடிக்கடி படுத்துவிடும். நான் ஒவ்வொரு பிளகினாக அணைத்து, திறந்து பார்த்து, மறுபடி போட்டு, அடுத்ததை அணைத்துக்கொண்டிருப்பேன். உனக்குப் பொறுக்காது. நாற்காலியோடு உருண்டு வருவாய். "ஒண்ணொண்ணா அணைச்சிட்டிருந்தா இண்ணைக்கு வீடு போய்ச் சேர மாட்ட. பாதிய அணை. சரியாச்சின்னா அணைச்சதுல கோளாறு. ஆகலன்னா மிச்சத்துல கோளாறு. பொறவு அதுல பாதி." நான் பிடித்தமான இரண்டு மூன்றை மட்டும் கைவைக்காமல் ஒதுக்கப் பார்ப்பேன். அப்போதுதான் உனக்கு உண்மையான கோபம் வரும். "பிரியப்பட்டதையும் சேத்து அணைக்கணும்ட்டி. இல்லன்னா என்னத்துக்கு இந்தப் பாடு?" என்று என் கையைத் தட்டிவிடுவாய்.

பிறகு அந்த விபத்து. தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, கடற்கரைச் சாலையில் மண்ணில் சறுக்கி விழுந்தாய். மற்ற காயமெல்லாம் ஆறியது, வலது கை விரல்கள் மட்டும் மடங்க மறுத்துவிட்டன. நான் பார்க்க வந்தபோது, உங்கள் வீட்டு வாசலில் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கன்னியர் மடத்து விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உன் அம்மா சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாய். நம் முதலாளி கெட்டவர் இல்லை. ஒருநாள் வந்து உட்கார்ந்து ஒரு பக்கம் முழுதாக எழுதிக் காட்டட்டும், அதற்கப்புறம் முடிவு சொல்கிறேன் என்று என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஒத்தக் கைய வச்சிட்டு என்ன மக்கா செய்யதுக்கு?" என்று கேட்டாய். உன் குரலில் கேலி இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உனக்குப் பிள்ளைகளைப் பிடிக்கும்தான். ஆனால் நிரல் எழுதுகிற வேலையை நீ எவ்வளவு ஆசைப்பட்டுப் பிடித்தாய் என்று எனக்குத் தெரியும்.

என் பேராசை ஒரே ஒரு முறை உருப்படியானது அப்போதுதான். என் குவியலில் ஒரு பிளகின் கிடந்தது. இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், நாம் முன்பே எழுதி வைத்த வரிகள் முழுசாக விரிந்துவிடும். டேப் இருப்பதோ இடது கைச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். பழகிப் பார்க்கலாம் என்று உன்னைச் சம்மதிக்க வைத்து, நீ மறுபடி பஸ் ஏற ஆரம்பித்ததும், இடது கைக்கு எட்டும் எழுத்துகளை மட்டும் வைத்து நாம் சுருக்கங்கள் செய்தோம். நாம் வழக்கமாக எழுதுகிற துண்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக அதில் ஏற்றினோம். புதுக் கோப்பு தொடங்கினால் தலையில் போடவேண்டிய வரிகளையும் சேர்த்தோம். அதில் எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர். உன் கை வேகம் பிடித்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

முதலாளி பார்க்க வருவதாகச் சொன்ன நாள் காலையில் நீ எனக்கு முன்னாலேயே வந்திருந்தாய். நான் படியேறி வரும்போதே உன் முகம் வெளிறிக் கிடந்தது. டேப் அழுத்தினால் சுருக்கம் விரியவில்லை, பதிலுக்கு ஏதேதோ வார்த்தைகளின் பட்டியல் தொங்கியது. "எல்லாம் போச்சு மக்கா. எனக்கு வெப்ராளமா வருது" என்று பதறினாய். பட்டியலைத் திறந்து பார்த்தால், முந்தின நாள் வரை இல்லாத ஒரு பிளகின் உட்கார்ந்திருந்தது, தட்டும்போதே மீதி வார்த்தையை ஊகித்துச் சொல்லுவது. இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கட்டும் என்று நீயே இறக்கியிருக்கிறாய். என்னைப் பேராசைக்காரி என்று ஊரெல்லாம் சொன்ன நீ!

"அதுலதான் கோளாறுன்னு என்ன நிச்சயம்? பாதிய அணை" என்றேன்.

"எனக்க கைக்குன்னு உள்ளதையுமா?"

"அதையுந்தான். பிரியப்பட்டதையும் சேத்து."

முறைத்துக்கொண்டே அணைத்தாய். மேல் பாதியை அணைத்தால் சுருக்கம் ஒழுங்காக விரிந்தது. அதைப் போட்டுவிட்டுக் கீழ்ப் பாதியை அணைத்தால் வார்த்தையை ஊகிப்பது ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் வம்பு. நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய், திடீரென்று சிரித்துவிட்டாய். "ஏட்டி, ரெண்டுலயும் கோளாறு இல்ல. ரெண்டுக்கும் டேப்பு வேணும். பஸ்ஸுல நானும் நீயும் ஜன்னலுக்கு அடிக்கது போல!" புதுசை வேறு விசைக்கு மாற்றினோம். அது அடங்கி ஒடுங்கி உட்கார்ந்தது, தினமும் பஸ்ஸில் என்னை நீ உட்கார வைத்த மாதிரி.

முதலாளி வந்து உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நீ திரும்பவில்லை. இடது கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் முழுதும் முடிந்து, ஓட்டிப் பார்த்து, சரியாக வந்தபின், "நாளைக்கும் இவ்வளவு சீக்கிரம் வரண்டாம். எல்லாரும் வாற நேரத்துக்கு வந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அறைக் கதவு சாத்தியதும் நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம். பிறகு கீழே போய்ச் சுடச்சுடச் சிப்ஸ் வாங்கித் தின்றோம்.

அந்தச் சுருக்கங்களை எனக்கும் பென் டிரைவில் போட்டுத் தந்தாய். "நீயும் வச்சுக்க. எல்லாத்தையும் இடது கை பாத்துக்கிடும், வலது கையில சாயா குடிக்கலாம்" என்றாய். போட்டுப் பார்த்தால், நான் தொடங்குகிற ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியவர் என்று உன் பெயர் வந்து நிற்கிறது. "ஒனக்க பேர எடுத்துட்டுத் தா" என்று சண்டை பிடித்தேன். "கெடக்கட்டும்ட்டி. இல்லன்னா ரெண்டு நாள் லீவு போட்டா என்னை மறந்துருவ."

நான் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துப் போனேன். நீ அதே மாடியில் இருந்தாய், பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பாதியை அணைக்கச் சொல்லிக்கொடுத்தபடி. கணினிகள் மாறின. உன் சுருக்கங்களையும் அவற்றை விரிக்கும் பிளகினையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தேன். உன் பெயரை அழித்து என் பெயரைப் போடுவது விரல் தானாகச் செய்கிற வேலை ஆகிவிட்டது.

பிறகு அந்தக் காய்ச்சல். ஒரு வாரம்கூட முழுதாக இல்லை. கடலைப் பார்த்திருக்கும் உங்கள் மாதா கோவிலில் உன்னைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். உன் வலது கையை யாரோ மடக்கி, விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். இத்தனை வருடம் மடங்காத விரல்கள். நான் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போய்ப் புதுக் கோப்பு தொடங்கினேன். உன் பெயர் வந்தது. அழிக்க மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு புதுக் கோப்பிலும் உன்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.

இன்று பாதி, அதில் பாதி என்று வந்து, கடைசியில் இரண்டு பிளகின்கள் மிஞ்சின. ஒன்று வண்ணம் மாற்றுவது, இன்னொன்று உன்னுடையது, சுருக்கங்களை விரிப்பது. வண்ணமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அதை முதலில் அணைத்தேன். திரை உறைந்தே நின்றது. அதைப் போட்டுவிட்டு உன்னுடையதை அணைத்தேன். எடிட்டர் சட்டென்று திறந்துகொண்டது.

அந்தப் பிளகினைச் செய்தவர் அதை எப்போதோ கைவிட்டுவிட்டாராம், புது எடிட்டரோடு அது ஒத்துப்போகாதாம். "இப்ப அந்த வசதி எடிட்டருக்குள்ளேயே இருக்கே மேடம்" என்றார் பக்கத்து மேசைக்காரர். இருக்கிறது. சுருக்கங்களையெல்லாம் அதற்கு மாற்றிக்கொண்டேன். கோப்பின் தலை வரிகளை மட்டும் அலுவலகத்து அமைப்பு தானாகவே போட்டுவிடுகிறது, எழுதியவர் பெயரோடு. என் பெயரோடு. இனி அழிக்க ஒன்றும் இல்லை.

பிரியப்பட்டதையும் சேர்த்து அணைக்கச் சொன்னவள் நீ. அணைத்துவிட்டேன். எனக்கு உன்மேல் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து போய் ஒரு சாயா வாங்கி வந்தேன். புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தேன். தலையில் இருந்த என் பெயரை அழித்துவிட்டு, உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். வலப்பக்கத்து எழுத்துகளுக்கு எட்டி எட்டி இடது கை வலித்தது. ஒரு நிமிடம் பார்த்தேன். வழக்கம்போல அதை அழித்து, என் பெயரைப் போட்டு, வேலையைத் தொடங்கினேன். எல்லாம் இடது கையால்தான். வலது கையில் சாயா இருந்தது.