ஒமுர்ஸக்கின் வலது கை

2024 அக்டோபர் 7, நரின்

தலைநகர் பிஷ்கேக்கின் திசு ஆய்வகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. பள்ளி ஆசிரியை ஒருத்தியின் முன்கைக் கட்டி. மூன்றே வாரத்தில் வாதுமைக்கொட்டை அளவு வளர்ந்திருந்தது. நுண்ணோக்கியில் செல்கள் வெறிபிடித்ததுபோலப் பெருகிக்கொண்டிருந்தன. புற்று என்றே எழுதியிருப்பேன். ஏதோ தயக்கத்தில் அங்கே அனுப்பினேன். புற்று இல்லையாம். தசையுறையில் வரும் சாதாரண முடிச்சு. வேகமாக வளரும், பார்ப்பவரை ஏமாற்றும், தானாகவே அடங்கியும் போகும்.

அவள் கை தப்பியது. ஆனால் இப்படி ஒன்றை முன்பும் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 9

பழைய அலமாரியில் அந்தத் திசு ஒட்டிய கண்ணாடித் தகடு கிடைத்தது. 2013. ஒமுர்ஸக், இருபத்து நான்கு வயது, லாரி ஓட்டுநர், வலது முன்கை. அதே முடிச்சு. அறிக்கையில் ‘புற்று’. கீழே என் கையெழுத்து. அதை நம்பித்தான் முழங்கைக்கு மேலே வெட்டினார்கள்.

எத்தனை முறை பார்த்தாலும் அதேதான். இதையும் பிஷ்கேக்குக்கு அனுப்புகிறேன்.

அக்டோபர் 10

ஒமுர்ஸக் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எனக்குப் பாலாடை கொண்டுவருகிறான். “என் உயிர காப்பாத்துன அக்கா” என்பான். கடவுளே, நான் அதைத் தின்றிருக்கிறேன்.

அக்டோபர் 22

ஒமுர்ஸக்குக்கு வந்ததும் புற்று இல்லை, சந்தேகமே இல்லை என்று பிஷ்கேக்கிலிருந்து எழுதிவிட்டார்கள்.

தலைமை மருத்துவர் தொக்தொசுன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ஆள் உயிரோட இருக்கான்ல? சந்தோஷமா இருக்கட்டும். ஏன் கிளறுறீங்க?”

யாருடைய சந்தோஷம்?

அக்டோபர் 26

ஒமுர்ஸக்கின் ஊரான அத்பாஷிக்குப் போனேன். ஒற்றைக் கையால் தேநீர் ஊற்றினான். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“அப்ப அது திரும்ப வராதா?”

“வராது. அது புற்றே இல்ல தம்பி.”

“எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த சைனாராவ வேற எவனயாவது கட்டிக்கச் சொல்லிட்டேன். சாகப்போறவனுக்கு எதுக்குப் பொண்டாட்டின்னு. அவ அழுதா. நான் கதவத் திறக்கல.” தேநீர்க் கெண்டியை மூடிவிட்டு, “அவளுக்கு மூணு பிள்ளைங்க இப்ப” என்றான்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எழுந்தபோது வழியனுப்ப வரவில்லை.

நவம்பர் 5

ஒமுர்ஸக் ஆய்வகத்துக்கு வந்தான். அக்கா என்று கூப்பிடவில்லை.

“சுகாதாரத் துறைக்குப் புகார் குடுக்கணும். கட்டியோட பேரெல்லாம் எனக்குத் தெரியாது, டாக்டர். நீங்களே எழுதுங்க.”

எழுதினேன். தேதி, தகட்டின் எண், நான் எழுதியது, எழுதியிருக்க வேண்டியது. என் பெயரை முழுதாக எழுதினேன். ‘தவறுதலாக’ என்று ஒரு சொல் வந்து விழுந்தது. அடித்துவிட்டு ‘யாரிடமும் கேட்காமல்’ என்று மாற்றினேன். உரக்க வாசித்துக் காட்டினேன்.

பிறகு காகிதம் நகராமலிருக்க ஓரத்தை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டான்.